அடுக்குகளை மறைக்கும் வரைபடம்: பல்லாவரம் குன்றும் எண்முறைப் பொருள்கோளும்

பண்பாட்டு நிலத்தோற்றம் என்னும் கருத்தாக்கம் அண்மைக் காலத்தில்தான் அனைத்துலக மரபுரிமைச் சொல்லாடலில் நிலைபெற்றது. 1925இல் அமெரிக்கப் புவியியலாளர் கார்ல் சாவர் இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக் குழு 1992இல்தான் இதனைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. தனியொரு கட்டடமோ சிற்பமோ அன்று. மலை, நீர்நிலை, வயல், வழிபாட்டிடம், அடக்கத்தலம், தொழிற்கூடம், அவற்றிடையே செல்லும் வழிகள் ஆகிய அனைத்தும் மனித வாழ்வோடு பின்னிப் பிணைந்து உருவாக்கும் முழுமையே இங்குப் பேசப்படுகிறது. நிலத்தையும் வாழ்வையும் பிரித்தறியாத திணைக் கோட்பாட்டைக் கொண்ட தமிழுக்கு இக்கருத்து அந்நியமானதன்று. பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு பல இடங்களில் ஏவும் திருக்குர்ஆனைப் பயில்வோருக்கும் இது புதிதன்று.

இத்தகைய நிலங்களை இன்றைய மனிதனுக்கு விளக்கிக் காட்டும் பொறுப்பை எண்முறைத் தொழில்நுட்பம் ஏற்கத் தொடங்கியுள்ளது. லேசர் அளவீடு, முப்பரிமாணப் படிமம், செயற்கைக்கோள் வரைபடம், கைப்பேசிச் செயலி, மெய்நிகர் உலா எனக் கருவிகள் பெருகிவிட்டன. இவை விளக்குகின்றனவா, அல்லது விளக்குவதாகக் கூறிக்கொண்டு ஒரு பகுதியை மறைக்கின்றனவா என்னும் வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாக நாம் தேர்ந்துகொள்வது தொலைதூரத்துப் புகழ்பெற்ற தலம் எதனையும் அன்று. கடற்கரையிலிருந்து தாம்பரம் நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டியின் சன்னல் வழியே நாள்தோறும் பல்லாயிரவர் கண்டும் காணாமலும் கடந்து செல்லும் தென்சென்னைப் புறநகரே நம் களமாகும்.

அளவைக்குப் பெயர்போன நிலம்

எண்முறை வரைபடம் பற்றிப் பேசுவதற்குத் தென்சென்னைப் புறநகரைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் அரிது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலைச் சமவெளியில் தம் அளவுச் சங்கிலியை விரித்தார். பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து முடிக்க அவருக்கு 57 நாள்கள் தேவைப்பட்டன. பின்னர் இமயம் வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவைப் பணியின் முறையான தொடக்கமாக இவ்வடிக்கோடே கருதப்படுகிறது. வெயிலில் எஃகுச் சங்கிலி நீள்வதைக்கூட வெப்பமானி வைத்துக் குறித்து, அதனால் நேரும் பிழையைக் கணக்கில் சேர்த்தவர் லாம்டன். தம் அளவு எங்கே, எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதையும் அளவோடு சேர்த்து எழுதிவைக்கும் இந்நேர்மையை நினைவில் கொள்வோமாக. இக்கட்டுரையின் பிற்பகுதியில் அது நமக்குத் தேவைப்படும்.

அறுபத்தோர் ஆண்டுகள் கழித்து, 1863 மே 30 அன்று, பல்லாவரம் படையணித் திடலில் சரளை மண்ணுக்குள்ளிருந்து ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கைக்கோடரியிலிருந்தே தொடங்குகிறது. அதே பல்லாவரத்தில் 1880களில் அலெக்சாண்டர் ரீ, கால்களுடன் கூடிய சுடுமண் ஈமப்பேழைகளை அகழ்ந்தெடுத்தார். குன்றுகளின் கருங்கல்லோ சார்னக்கைட் என்று உலகப் புவியியலில் பெயர் பெற்றது. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் அப்பெயரைச் சூட்டினார்; அவ்வகைப் பாறையின் முன்மாதிரி நிலம் பரங்கிமலை, பல்லாவரம் பகுதியே.

வரலாறு இத்தோடு நிற்கவில்லை. 1774இல் அமைந்த படைக் குடியிருப்பு, தோல் பதனிடும் ஆலைகள், குரோம் தோல் ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை, 1928இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய காசநோய் மருத்துவமனை, 1937இல் தாம்பரத்துப் புதர்க்காட்டிற்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, அடுத்த ஆண்டே அங்குக் கூடிய அனைத்துலகக் கிறித்தவ சமயப்பரப்பு மாநாடு ஆகிய அனைத்தும் இந்நிலத்தின் அடுக்குகளே. பிற சமயங்களைக் கிறித்தவம் எவ்வாறு நோக்க வேண்டும் என்னும் விவாதத்தில் 'தாம்பரம்' என்னும் பெயர் இன்றும் இறையியல் நூல்களில் வழங்கப்படுகிறது. புறநகர் என்றால் வரலாறற்ற வெற்று நிலம் என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு இவையே போதிய சான்றுகளாகும்.

ஒரு குன்று, மூன்று பெயர்கள்

இவ்வடுக்குகள் அனைத்தும் ஓரிடத்தில் செறிந்து நிற்பது பல்லாவரம் குன்றில்தான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் அங்கு ஒரு குடைவரையைக் குடைவித்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றிக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் கல்வெட்டுப் பொறித்த அதே மன்னன் இவன். பல்லாவரத்துக் குடைவரையில் அவனுடைய விருதுப்பெயர்கள் பல்லவ கிரந்த எழுத்தில் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. பின்சுவரில் ஐந்து அறைகள் உள்ளன. மக்கள் வழக்கில் இக்குன்று பஞ்சபாண்டவர் மலை. பின்னர் அக்குடைவரை முஸ்லிம்களின் தர்காவாயிற்று. மௌலா கா பஹாட் என்னும் பெயரும் குன்றுக்கு வந்து சேர்ந்தது. இன்றும் அது தர்காவாகவே விளங்குகிறது. தூண்களின் மீது காலந்தோறும் சுண்ணாம்பும் வண்ணமும் ஏறியுள்ளன.

பல்லவ மன்னனின் கலைமுயற்சி, பாரதக் கதையை நிலத்தில் கண்ட உழவர் மக்களின் கற்பனை, இறைநேசரை நாடி வருவோரின் பக்தி ஆகிய மூன்று நினைவுகளையும் ஒரே பாறை சுமந்து நிற்கிறது. இம்மூன்றில் எது மெய்யான பல்லாவரம் குன்று? இவ்வினாவே தவறானது என்பது நம் கருத்து. ஆனால் எண்முறைக் கருவி பெரும்பாலும் இவ்வினாவுக்கு விடை கேட்டே தொடங்குகிறது. ஒரு புள்ளி, ஒரு பெயர், ஒரு வகைப்பாடு, ஒரு காலம் என்பதே தரவுத்தளத்தின் இயல்பு. 'கோயில்' என்னும் கட்டத்தைத் தேர்ந்தால் தர்கா மறைகிறது. 'தர்கா' என்னும் கட்டத்தைத் தேர்ந்தால் மகேந்திரன் மறைகிறான். எதனைத் தேர்ந்தாலும் பாண்டவர் மலை என்று அழைத்த பாட்டியின் குரல் மறைகிறது. 1154இல் சிசிலி மன்னனுக்காக அல் இத்ரீஸி வரைந்த உலகப் படத்தில் தெற்கு மேலே இருந்தது. வரைபடம் என்பது உலகின் நிழல் அன்று, வரைந்தவரின் தேர்வு என்பதை உணர்த்த அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மீட்டுருவாக்கத்தின் மயக்கம்

இதைவிடக் கடுமையான சிக்கல் மெய்நிகர் மீட்டுருவாக்கத்தில் எழுகிறது. சிதைந்த தலத்தை அதன் 'மூல' நிலையில் திரையில் காட்டுவதே இதன் கவர்ச்சி. எத்தருணம் மூலம்? யார் அதைத் தீர்மானிப்பது? பல்லாவரத்துக் குடைவரையைக் கணினியில் மீட்டுருவாக்கம் செய்ய முற்படும் ஒருவர் முதலில் வண்ணத்தை நீக்குவார், அடுத்துப் பச்சைத் துணியை நீக்குவார், பின்னர் அங்கு அமர்ந்திருக்கும் மனிதர்களை நீக்குவார். எஞ்சுவது கி.பி. 620ஆம் ஆண்டுக்குரியது எனச் சொல்லப்படும், உண்மையில் எக்காலத்திலும் எவரும் கண்டிராத, வழவழப்பான ஒரு வெற்று மண்டபம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளின் வரலாறு அழுக்காக எண்ணப்பட்டுத் துடைக்கப்பட்டுவிடும்.

இது வெறும் அச்சமன்று. சிரியாவின் பால்மிராவை நோக்குவோம். அங்கிருந்த பேல் கோயில் பைசாந்தியக் காலத்தில் தேவாலயமாகவும், 1132 முதல் பள்ளிவாசலாகவும் விளங்கியது. அதன் சுற்றுமதிலுக்குள் ஒரு கிராமமே வாழ்ந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், தொல்லியலின் பெயரால் அம்மக்கள் வேறிடத்திற்குக் குடிபெயர்க்கப்பட்டனர். உரோமானியக் காலத்துத் 'தூய' சின்னம் சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடைத்தது. 2015இல் தாயிஷ் கும்பல் அக்கோயிலையும் வெற்றி வளைவையும் தகர்த்தது மன்னிக்க முடியாத கொடுமை. ஆனால் 2016 ஏப்ரலில் இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் எண்முறைப் படிமத்தின் துணையால் செதுக்கப்பட்ட அவ்வளைவின் சிறிய நகல் நிறுத்தப்பட்டபோது, வெளியேற்றப்பட்ட கிராமமோ எட்டு நூற்றாண்டுகள் தொழுகை நடந்த பள்ளிவாசலோ அதில் இடம்பெறவில்லை. அழிப்பவன் வெடிமருந்தால் செய்ததை மீட்பவன் மறதியால் செய்யக்கூடும் என்பதே இதிலுள்ள படிப்பினை.

எனினும் தொழில்நுட்பத்தையே பழித்தல் நம் நோக்கமன்று. பாமியான் சிலைகள் 2001இல் தகர்க்கப்பட்டதால் உள்ளம் நொந்த, மோசுலில் பிறந்த பொறியாளர் பென் காசிரா 2003இல் தொடங்கிய சைஆர்க் நிறுவனம் உலகெங்கும் மரபுச் சின்னங்களை லேசர் கதிரால் அளந்து பாதுகாத்து வருகிறது. தில்லி ஹுமாயூன் கல்லறையின் புதுப்பிப்பில் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை முப்பரிமாண அளவீட்டைப் பயன்படுத்தியது. சுண்ணாம்பிலும் கல்லிலும் கைதேர்ந்த மரபுத் தொழிலாளரின் அறிவும் அங்கு அதற்கு இணையாக மதிக்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஹம்பியை மையமாகக் கொண்டு முன்னெடுத்த எண்முறை மரபுரிமைத் திட்டம் கட்டடங்களோடு நில்லாது, ஓவியம், கைவினை, வாய்மொழிக் கதை ஆகியவற்றையும் ஒருங்கிணைக்க முயன்றது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் எ. சுப்பராயலுவின் வழிகாட்டுதலில் உருவான தென்னிந்திய வரலாற்று நிலப்படத் தொகுப்பு, கல்வெட்டு ஊர்ப்பெயர்களைக் காலவாரியாக நிலத்தில் பொருத்திக் காட்டுகிறது. வெவ்வேறு கோணங்களில் ஒளி பாய்ச்சிப் படமெடுத்து மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களை வெளிக்கொணரும் முறை ஒன்றும் இன்று உண்டு. பல்லாவரம் போன்ற இடத்தில், வழிபடுவோரின் மனம் நோகாமலும் வண்ணப்பூச்சில் கை வைக்காமலும் எழுத்துகளை ஆராய இம்முறை துணைபுரியக்கூடும். சுரண்டாமல் வாசிக்கும் வாய்ப்பை அளிப்பதே எண்முறைத் தொழில்நுட்பத்தின் உண்மையான அருட்கொடை என்போம். அதனைச் சுரண்டும் கருவியாக மாற்றுவது மனிதரின் தேர்வு.

அறிவிப்பாளர் தொடரும் காட்சிப் படிமமும்

நற்றேர்வுக்கு வழிகாட்டும் சாசனங்கள் இல்லாமல் இல்லை. பெல்ஜியத்தின் ஏனாம் என்னும் சிற்றூரில், அழிந்துபோன மடத்தின் தோற்றத்தை அகழ்வுக் களத்திலேயே திரையில் காட்டும் அமைப்பு 1997இல் நிறுவப்பட்டது. அவ்வூரின் பெயரால் அறியப்படும் மரபுத்தலப் பொருள்கோள் சாசனத்தை அனைத்துலக நினைவுச்சின்ன அவையான இக்கோமோஸ் 2008இல் ஏற்றது. ஒரு தலத்தின் பொருளுக்குப் பங்களித்த எல்லாக் காலங்களும் மதிக்கப்பட வேண்டும், வாய்மொழிச் சான்றுகளும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும் என்பன அதன் முக்கிய நெறிகள். கணினிக் காட்சிப்படுத்தலுக்கென 2006இல் உருவாகி 2009இல் செம்மை பெற்ற இலண்டன் சாசனம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. திரையில் தெரியும் ஒவ்வொரு கூறும் எச்சான்றின் அடிப்படையில், எந்த ஊகத்தின் வழியே, யாருடைய முடிவால் அமைந்தது என்பதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று அது கோருகிறது.

இக்கோரிக்கையை வாசிக்கும் மதரஸா மாணவர் ஒருவர் புன்முறுவல் பூக்காமல் இருக்க முடியாது. ஹதீஸ் கலை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்து வந்த ஒழுக்கம் இதுவேயன்றோ! செய்தியான மத்ன் தனித்து மதிப்புப் பெறுவதில்லை. அதனைச் சுமந்து வந்த இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடரும் உடன் வர வேண்டும். தொடரின் வலிமையைப் பொறுத்தே செய்தி ஸஹீஹ் என்றும், ஹஸன் என்றும், ளயீஃப் என்றும், இட்டுக்கட்டப்பட்டது என்றும் தரம் பிரிக்கப்படுகிறது. பலவீனமான செய்தி பலவீனமானது என்ற அடையாளத்தோடு நூலில் இடம்பெறலாம். அடையாளத்தை மறைத்துக் கூறுவதுதான் குற்றமாகக் கருதப்பட்டது. செய்தியாளரின் நேர்மையை மட்டுமன்றிச் செய்தியின் இயலுமையையும் எடைபோட வேண்டும் என இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் வலியுறுத்தியதையும் இங்கு இணைத்து நோக்கலாம்.

இந்த அளவுகோலைக் கொண்டு இன்றைய மெய்நிகர் உலாக்களை நோக்கினால் அவற்றின் அடிப்படைக் குறை புலனாகும். கல்லில் உள்ள தூணும், கலைஞர் ஊகித்துச் சேர்த்த விதானமும் திரையில் ஒரே ஒளியில், ஒரே உறுதியோடு தோன்றுகின்றன. எழுத்தில் 'இருக்கக்கூடும்' என்று ஓர் ஆய்வாளர் தயங்கலாம். படிமத்திற்குத் தயங்கத் தெரியாது. தொடரறுந்த செய்தி ஸஹீஹின் ஆடை அணிந்து வருவதற்கு ஒப்பானது இது. எனவே எண்முறைப் பொருள்கோள் ஒவ்வொன்றும் தனக்குரிய இஸ்னாதைத் தாங்கி வர வேண்டும் என்பதே நம் விமர்சனத்தின் மையம். கல்வெட்டால் உறுதியானது ஒரு நிறத்தில், ஒப்பீட்டால் ஊகிக்கப்பட்டது மற்றொரு நிறத்தில், மரபுவழிக் கூற்று வேறொரு நிறத்தில் காட்டப்படுவது தொழில்நுட்ப அளவில் எளிது. அதற்குத் தேவைப்படுவது லாம்டன் சங்கிலியோடு வைத்த வெப்பமானி போன்ற ஒன்று. பிழையை ஒப்புக்கொள்ளும் மனம்.

கோவளத்து மரபும் அல் பிரூனியின் முறையும்

நியாயம் பிறரிடம் மட்டும் கேட்கப்படுவதன்று. தாம்பரத்திற்குத் தென்கிழக்கே கடலோரத்தில் உள்ள கோவளத்திற்கு வருவோம். அங்கு அடங்கியிருப்பவர் நபித்தோழர் தமீமுல் அன்சாரி அவர்கள் என்பது தமிழ் முஸ்லிம்களின் நெடுநாளைய நம்பிக்கை; அனைத்துச் சமயத்தவரும் அத்தர்காவை நாடி வருகின்றனர். அதே கோவளத்திற்கு ஆவணங்களில் பதிவான வேறொரு வரலாறும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்டெண்ட் கும்பினியார் அங்கு வணிகக் கூடம் அமைத்தனர். கர்நாடக நவாபு சஆதத்துல்லாஹ் கானின் பெயரால் அது சஆதத் பந்தர் எனப்பட்டது. 1752இல் இராபர்ட் கிளைவ் அங்கிருந்த கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தார்.

கோவளத்திற்கு ஒரு செயலி உருவாக்கப்படின் தமீமுல் அன்சாரி அவர்களைப் பற்றி அது என்ன கூற வேண்டும்? ஐயமற்ற வரலாறாக அறிவித்தால் ஆய்வுக்கு அநீதி. வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கினால் அந்நிலத்தை உருவாக்கிய நம்பிக்கைக்கு அநீதி. ஏறத்தாழ 1030இல் இந்தியா பற்றிய தம் நூலை எழுதிய அல் பிரூனி இதற்கு வழிகாட்டுகிறார். இந்துக்களின் கொள்கைகளை மறுத்து வாதிடுவது தம் பணியன்று, அவர்கள் கூறுவதை அவர்கள் கூறுமாறே எடுத்துரைப்பதே தம் பணி என்று அவர் வகுத்துக்கொண்டார். நந்தனா கோட்டையருகே மலையின் உயரத்தைக் கொண்டு பூமியின் அளவைக் கணித்த அதே கணித மேதைதான் இப்பணிவையும் கற்பித்தார். 'இவ்வூர் மக்கள் இவ்வாறு நம்புகின்றனர்' என்னும் வாக்கியமும், 'ஆவணம் இவ்வாறு கூறுகிறது' என்னும் வாக்கியமும் அருகருகே, ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பதற்கு இடமளிப்பதே நல்ல பொருள்கோள். நம் தர்காக்களின் தலவரலாற்றுச் சிறுநூல்கள் இம்முறையைக் கைக்கொண்டதுண்டா என நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம்.

கோடு சட்டமாகும்போது

இதுவரை கூறியவை அறிவுலகச் சிக்கல்களாகத் தோன்றக்கூடும். ஆனால் வரைபடத்தில் இடப்படும் கோடு மனிதரின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பல்லாவரத்தின் பெருங்கற்கால ஈமக்களம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. வீடுகள் நெருங்கிய புறநகரில் இவ்விதி என்ன பொருள்படும் என்பதைப் பழைய பல்லாவரத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் அனுபவித்துள்ளனர். மேல்மாடி எழுப்பவும், சொத்தை விற்கவும், வங்கியில் கடன் பெறவும் அவர்கள் இடர்ப்பட்டனர். தேசிய நினைவுச்சின்ன ஆணையம் இஸ்ரோவின் துணையோடு இவ்வெல்லைகளைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் பொறிக்கும் பணியை மேற்கொண்டது வரவேற்கத்தக்கதே. தெளிவான எல்லை, தெளிவற்ற எல்லையைவிட மேலானது. ஆனால் மண்ணுக்கடியில் என்ன உள்ளது, அது ஏன் மதிப்புக்குரியது என்பதை அம்மக்களுக்கு எடுத்துரைக்காமல் எல்லையை மட்டும் காட்டும் வரைபடம் மரபுரிமையை மக்களின் பகையாக்கிவிடுகிறது. தம் வீட்டுக்கடியில் உறங்கும் முதுமக்களை அவர்கள் ஆக்கிரமிப்பாளராகக் காணத் தொடங்குகின்றனர்.

முஸ்லிம் சமூகத்திற்கு இச்சிக்கல் இன்று இன்னும் நெருக்கமானது. 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டின் வழியே ஓரிடம் வக்ஃபாகும் வகையை இனிவரும் காலத்திற்கு நீக்கியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கப்பெற்ற உமீத் தளத்தில் வக்ஃப் சொத்துகள் புவியிடக் குறிப்போடு பதிவேற்றப்பட வேண்டுமென ஒன்றிய அரசு பணித்தது. இச்சட்டத்தின் நியாய அநியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்காது. நாம் சுட்டுவது ஒன்றே: பள்ளிவாசல், தர்கா, கப்ருஸ்தான் ஆகியவற்றின் இருப்பு இனி ஒரு திரையிலுள்ள புள்ளியின் துல்லியத்தையும் அதனோடு இணைந்த ஆவணத்தையும் சார்ந்திருக்கும். ஆவணத்தில் இல்லாத நினைவு, திரையில் இல்லை. திரையில் இல்லாதது, நாளை நிலத்திலும் இல்லை என்றாகிவிடக்கூடும்.

மறுபுறம், 2025இல் திருப்பரங்குன்றத்தைச் சூழ்ந்து எழுந்த சர்ச்சைகள் ஒரு குன்றின் மூல உரிமையாளர் யார் என்னும் வினா எத்துணை எளிதில் தீயாக மாறும் என்பதைக் காட்டின. வழிபாட்டிடங்களின் தன்மையை 1947 ஆகஸ்ட் 15 அன்றிருந்தவாறு காக்க முற்பட்ட 1991ஆம் ஆண்டுச் சட்டம் வரலாற்றை மறைக்கும் சட்டமன்று. வரலாற்றை வழக்காக்குவதைத் தடுக்க முயன்ற சட்டம். பல்லாவரம் குன்றின் எண்முறைப் பொருள்கோளும் அதே உணர்வோடு அமைய வேண்டும். 'இது முன்பு இவர்களுடையது' என்னும் குற்றப்பத்திரிகையாக அது அமையுமாயின், ஒரு நல்ல கருவி கெட்ட கைக்குச் சென்றதாகிவிடும். அவ்வச்சத்தால் மகேந்திரனின் எழுத்துகளைப் பேசாமல் விடுவதும் தீர்வாகாது. மறைக்கப்பட்ட வரலாறு வதந்தியாகத் திரும்பி வரும். விளக்கப்பட்ட வரலாறுதான் அமைதியாக இருக்கும்.

நம்முன் உள்ள பணி

இதற்கு வழியென்ன? முதலாவது, புள்ளியைக் கைவிட்டு நிலத்தை வரைதல் வேண்டும். தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். வீடு, ஏரி, விளைச்சல், கோயில், தொழிலாளர், பக்கீர் என ஊரின் உறுப்புகளுக்குரிய மானியங்களும் பங்குகளும் அக்காலக் கணக்குகளில் அருகருகே இடம்பெறுகின்றன. கணினி காணாத அக்கணக்கர்கள் நிலத்தை ஓர் உறவுத் தொகுதியாகக் கண்டனர். கோயிலைத் தனிப் பட்டியலாகவும், தர்காவைத் தனிப் பட்டியலாகவும், ஏரியை மற்றொரு துறையின் கோப்பாகவும் பிரித்து வைத்துள்ள நம் தரவுத்தளங்கள் அவர்களிடம் பாடம் கற்க வேண்டியவையாகும். பெரும்பாக்கத்தில் லாம்டனின் கோடு முடிந்த இடத்தை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஏறத்தாழ 1,247 எக்டேர் பரப்பு அதன்கீழ் வந்தது. சதுப்பு வேறு, மரபுரிமை வேறு என்று எண்ணும் வரை எதையும் காக்க இயலாது.

இரண்டாவது, பொறுப்பை அரசிடம் மட்டும் விட்டுவிடலாகாது. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவற்றை ஒரே ஆட்சிப் பரப்புக்குள் கொண்டுவந்துள்ளது. இந்நிலத்தை முழுமையாக நோக்க அது ஒரு வாய்ப்பு. ஆயினும் கல்வெட்டைப் படிக்கும் தொல்லியலாளர், குன்றின் கதை அறிந்த மூத்தோர், தர்காவின் பொறுப்பாளர், தோல் ஆலைகளில் உழைத்த குடும்பங்கள் ஆகியோர் ஒருங்கே அமராமல் எழும் எந்தச் செயலியும் உயிரற்ற அலங்காரமாகவே முடியும். வக்ஃப் பதிவுக்காகச் சொத்தின் நான்கெல்லையை அளக்கும் அதே வேளையில், அவ்விடத்தின் நினைவையும் அளந்து வைப்பது நம் ஜமாஅத்துகளின் கடமை. ஆவணங்களையும், பழைய ஒளிப்படங்களையும், மூத்தோரின் வாய்மொழிகளையும் சொன்னவர் பெயரோடும் நாளோடும் பதிவு செய்வதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு கைப்பேசியும் பொறுமையும் போதும். அறிவிப்பாளர் தொடரைக் கண்டுபிடித்த சமூகம் தன் இடங்களின் தொடரை இழந்து நிற்பது நாணத்தக்கதன்றோ!

மூன்றாவது, தூணின் மீது அடுத்த வண்ணத்தைப் பூசுமுன் சற்று நிற்க வேண்டும். அவ்விருதுப்பெயர்கள் நம் கப்ருகளின் மீஸான் கற்களைப் போன்றே ஒரு மனிதன் விட்டுச்சென்ற சொற்கள். அவற்றைக் காப்பதால் தர்காவின் கண்ணியம் குறையாது. மாறாக, ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு பாறையை எவரும் இடித்துவிடாமல் மாறி மாறிக் காத்து வந்தனர் என்னும் அரிய உண்மைக்கு அவையே சாட்சி கூறும். பல்லாவரம் குன்றில் எண்முறைப் பொருள்கோள் காட்ட வேண்டிய உண்மையும் இதுவே. யார் முதலில் வந்தார் என்பது ஒரு வினா. வந்தவர் எவரும் ஏன் அதனைத் தகர்க்கவில்லை என்பது அதனினும் பெரிய வினா. இரண்டாவது வினாவைக் கேட்கத் தெரிந்த வரைபடமே பண்பாட்டு நிலத்தின் வரைபடமாகும்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.